சூப்பர் 8 சுருள்களில் கல்ட் படங்கள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

வீடியோ கேசட் பரவுவதற்கு முன்பு, அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒருவர் தமக்குப் பிடித்த பேய்ப் படத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வேண்டும்போதெல்லாம் பார்க்க விரும்பினால், கடையிலோ தபாலிலோ ஒரு சிறிய அட்டைப் பெட்டியை வாங்குவதுதான் வழி. பெட்டியின் மேல் படத்தைவிடப் பயமுறுத்தும் ஓவியம் இருக்கும். உள்ளே 200 அடி நீளமுள்ள 8 மி.மீ. ஃபிலிம் சுருள் இருக்கும். எழுபது, எண்பது நிமிடப் படத்திலிருந்து பத்து நிமிடத்துக்குச் சற்று கூடுதலாக மட்டும் வெட்டி எடுத்துத் தொகுத்த சுருக்கப் பதிப்பு அது. 1958-இல் தொடங்கிய ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ இதழின் பின்பக்கங்களில் இத்தகைய சுருள்களுக்கான தபால் விற்பனை விளம்பரங்கள் தொடர்ந்து வந்தன; இன்று சந்தைக்கு வரும் பல சுருள்கள் அந்த இதழைப் படித்து வளர்ந்த தலைமுறையின் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கியவையே.

இந்தச் சுருள்களை இன்று இணைய ஏலத்தில் வாங்கத் தொடங்குபவர்கள் படத்தின் பெயரைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் காசு கொடுத்து வாங்குவது ஐம்பது ஆண்டுகள் யாரோ ஒருவர் வீட்டில் கிடந்த ஒரு குறிப்பிட்ட பிரின்ட்டை, அதாவது ஃபிலிம் பிரதியை, என்பதால், பெயரைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பிரின்ட்டின் உடல்நிலையைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் அளவு

1922-இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் கொண்டுவந்த 9.5 மி.மீ. ஃபிலிமில் துளைகள் ஓரத்தில் இருக்காது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே, ஃபிலிமின் நட்டநடுவில் இருக்கும். 1923-இல் கோடாக் 16 மி.மீ. ஃபிலிமை அறிமுகப்படுத்தியது. 1932-இல் அதே நிறுவனம், 16 மி.மீ. ஃபிலிமில் துளைகளை இரட்டிப்பாக்கி, படம் எடுத்துக் கழுவிய பிறகு நடுவே நீளவாக்கில் பிளந்து இரண்டு பட்டைகளாக்கும் சிக்கன முறையைக் கொண்டுவந்தது. அதைத்தான் ஸ்டாண்டர்டு 8 என்கிறோம். துளைகளைச் சிறிதாக்கிப் படத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்த சூப்பர் 8 வந்தது 1965-இல்.

புதியவர்கள் குழம்புவது கடைசி இரண்டில்தான், ஏனெனில் இரண்டின் அகலமும் 8 மி.மீ. தான். சில அடிகளைச் சுருளிலிருந்து அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை பெரிதாகவும், இரண்டு ஃபிரேம்கள் சந்திக்கும் கோட்டுக்கு நேராகவும் இருந்தால் அது ஸ்டாண்டர்டு 8. சிறிதாகவும், ஃபிரேமின் நடுப்பகுதிக்கு நேராகவும் இருந்தால் சூப்பர் 8. பெரும்பாலும் ஃபிலிம் சுற்றியிருக்கும் சக்கரமே காட்டிக்கொடுத்துவிடும்: ஸ்டாண்டர்டு 8 சக்கரத்தின் மையத் துளை ஏறத்தாழ 8 மி.மீ., சூப்பர் 8 சக்கரத்தின் மையத் துளை 12.7 மி.மீ. ஆனால் பழைய உரிமையாளர்கள் ஃபிலிமைச் சக்கரம் மாற்றிச் சுற்றியிருப்பார்கள் என்பதால் சக்கரத்தை மட்டும் நம்பக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு ஸ்டாண்டர்டு 8 சுருளைச் சூப்பர் 8 புரொஜக்டரில் ஏற்றி, ‘கறக் கறக்’ என்ற சத்தத்தைக் கேட்டும் மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பத்து விநாடி காத்திருந்தவன் நான். முதல் சில அடிகளில் துளைகள் ஒவ்வொன்றும் கிழிந்து நீண்டிருந்தன. அந்தத் துண்டை வெட்டியெடுத்து ஒட்டுவது எப்படி என்பதைப் பழகிப் பார்க்க வைத்துக்கொண்டேன்.

தொடங்குவதற்குச் சூப்பர் 8 போதும் என்பது என் கருத்து. முழு நீளப் படங்களை நல்ல துல்லியத்துடன் பார்க்க விரும்புபவர்கள் இறுதியில் 16 மி.மீ.க்குத்தான் போய்ச் சேருவார்கள். ஆனால் அதன் எடையும் இடத்தேவையும் தபால் செலவும் முதல் ஆண்டிலேயே ஆளைச் சோர்வடையச் செய்துவிடும். 9.5 மி.மீ. தனி உலகம். இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருந்த கெவின் பிரௌன்லோ, 1954-இல் கைக்கு வந்த இரண்டு 9.5 மி.மீ. சுருள்களில் பிரெஞ்சு இயக்குநர் ஏபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ படத்தின் துண்டுகளைப் பார்த்ததுதான், பின்னாளில் அந்தப் படத்தையே மீட்டெடுக்கும் வாழ்நாள் பணியில் அவரை இறக்கிவிட்டது. அந்த ஆசை இருப்பவர்கள் தாராளமாக அங்கே போகலாம்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தல்

விற்பனைக் குறிப்பில் நீளம், ஒலி, நிறம் ஆகிய மூன்றையும் தேடுங்கள். சூப்பர் 8 ஃபிலிமின் ஓர் அடியில் 72 ஃபிரேம்கள் இருக்கும். எனவே 200 அடிச் சுருள் விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் சரியாக 10 நிமிடமும், மௌனப் பிரதிகளுக்குரிய 18 ஃபிரேம் வேகத்தில் 13 நிமிடம் 20 விநாடியும் ஓடும். 400 அடி என்றால் ஒலியுடன் 20 நிமிடம். தொண்ணூறு நிமிடப் படம் முழுமையாக வேண்டுமானால் 1,800 அடி, அதாவது 600 அடிச் சுருள்கள் மூன்று தேவைப்படும். யாராவது இரண்டு 400 அடிச் சுருள்களைக் காட்டி ‘முழுப் படம்’ என்று சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

ஒலியில் மூன்று வகை உண்டு. மௌனப் பிரதிகளில் வசனம் படத்தின் மேலேயே எழுத்தாக வரும். காந்த ஒலிப் பிரதிகளில் ஃபிலிமின் ஓரத்தில் செம்பழுப்பு நிறக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். எதிர் ஓரத்தில் உள்ள மெல்லிய பட்டை, சுருள் சமமாகச் சுற்றிக்கொள்வதற்காக வைக்கப்பட்டது. மூன்றாவது ஒளி ஒலி: ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒளிப்படமாகவே பதிந்திருக்கும். எழுபதுகளில் விமானங்களில் திரையிடுவதற்காகச் சூப்பர் 8-இல் எடுக்கப்பட்ட முழு நீளப் பிரதிகளில் இது உண்டு. அவை எப்படியோ சேகரிப்பாளர்கள் கைக்கும் வந்தன. காந்த ஒலியைப் படிக்கும் புரொஜக்டர்கள் எல்லாம் ஒளி ஒலியைப் படிக்காது என்பதை மறந்துவிட்டு வாங்கினால், நல்ல படம் ஒன்றை ஊமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

எதைத் தேடுவது

அரக்கர் படங்களில் ஆசை உள்ளவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் காசில் ஃபிலிம்ஸ். 1924-இல் தொடங்கி, 1937 முதல் வீட்டுத் திரையிடலுக்கான சுருள்களை விற்ற இந்த நிறுவனத்தை 1947-இல் யுனிவர்சல் ஸ்டுடியோ வாங்கியது; அதனால்தான் யுனிவர்சலின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ (1931) முதல் ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ (1954) வரையிலான படங்கள் 8 மி.மீ. சுருக்கங்களாக வந்தன. 1977-இல் பெயர் யுனிவர்சல் 8 என்று மாறியது. நியூஜெர்சியின் கென் ஃபிலிம்ஸ் வெளியிட்ட சுருள்களில் ‘ஸ்டார் வார்ஸ்’ சுருக்கம் அதிகம் பேசப்படுவது. திரையரங்கை விட்டு வெளியே அந்தப் படத்தைப் பார்க்க அன்று அதைவிட எளிய வழி இருக்கவில்லை. மௌனப் படங்களுக்கு அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டின் பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ். இங்கிலாந்தின் டட்லி நகரில் இருந்த டெரான் நிறுவனம், வீடியோ வந்து மற்றவர்கள் கடையைக் கட்டிய பிறகும் இந்த நூற்றாண்டுக்குள் வந்து முழு நீளப் படங்களைச் சூப்பர் 8-இல் அச்சிட்டுக்கொண்டிருந்தது; தரத்தில் அவர்களுடைய பிற்காலப் பிரின்ட்டுகளுக்கு ஈடு குறைவு, விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

காசில் சுருக்கங்களைக் குறைபட்ட பொருளாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடக்க, அந்தத் தொகுப்பாளர்கள் காதல், நகைச்சுவை, விஞ்ஞானிகளின் நீண்ட விளக்கம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, அரக்கன் எழுவது, துரத்துவது, அழிவது ஆகியவற்றை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு கதையே கட்டினார்கள். ‘ஹவுஸ் ஆஃப் ஃபிராங்கென்ஸ்டைன்’ (1944) படத்தில் டிராகுலா வரும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, ‘டூம் ஆஃப் டிராகுலா’ என்று வேறு பெயர் வைத்தே விற்றார்கள். இப்படிப் பெயர் மாறியவை பல என்பதால், ஒரே படத்தை இரண்டு பெயர்களில் வாங்கிவிடாமல் இருக்க மூலப் படத்தின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) போன்ற படங்களில் எச்சரிக்கை வேண்டும். வெளியீட்டின்போது தலைப்பை மாற்றியதில் காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போய், அப்படம் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலையில், பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுத்தவையும் சந்தையில் புழங்குகின்றன. அவற்றில் கருப்பு மையாகவும் வெள்ளை சுண்ணாம்பாகவும் தெரியுமே தவிர, முகத்தில் இடைநிலைச் சாயல் எதுவும் மிஞ்சியிருக்காது. விற்பவரிடம் முக அண்மைக் காட்சி ஒன்றின் ஃபிரேமைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

சோதனை: மூக்கு, கண், விரல்

சுருள் வீட்டுக்கு வந்ததும் புரொஜக்டர் பக்கம் போகாதீர்கள். முதலில் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெரும்பாலான பழைய ஃபிலிம்களின் அடித்தளம் அசிட்டேட். வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். சைனீஸ் உணவகங்களில் மேசை மீது பச்சை மிளகாய் ஊறிய வினிகர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே நெடி. இந்தச் சிதைவு வெளிவிட்ட அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. பக்கத்தில் உள்ள நல்ல சுருள்களையும் அந்த ஆவி பாதிக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. குளிர்ச்சியில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். நெடி லேசாக இருந்தால் தனியே ஒதுக்கி வைத்து, காற்றாட விட்டு, படத்தைச் சீக்கிரம் டிஜிட்டலாக்கிக்கொள்ளலாம். நெடி மூக்கில் ஏறினால், எவ்வளவு அரிய படமானாலும் மற்ற சுருள்கள் இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். “நெடி எதுவும் இல்லை” என்று உறுதியளித்த விற்பனையாளர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்த பொதியை, பிரிப்பதற்கு முன்பே வீட்டில் இருந்தவர்கள் ஊறுகாய் பாட்டில் உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். அதிலிருந்து, கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறேன்: பெட்டியை ஒரு நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்து முகர்ந்து பார்த்தீர்களா?

பாலியெஸ்டர் அடித்தளம் கொண்ட ஃபிலிமுக்கு இந்த நோய் வராது. சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடித்தால், பாலியெஸ்டர் சுருளின் ஊடாக வெளிச்சம் கசிந்து தெரியும். அசிட்டேட் சுருள் இருண்டே இருக்கும். பாலியெஸ்டர் கையால் இழுத்தால் அறாது. இது வரமும் சாபமும்: சிக்கிக்கொண்டால் ஃபிலிமுக்குப் பதில் புரொஜக்டரின் பாகம் உடையக்கூடும்.

அடுத்து நிறம். எண்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மன் வண்ணப் பிரின்ட்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும். மிஞ்சுவது ரோஜா நிறம், அதுவும் முற்றினால் செங்கல் நிறம். அதன் பிறகு கோடாக் கொண்டுவந்த எல்.பி.பி. வகை ஃபிலிம் பெருமளவு நிறம் மாறாதது. வானமோ இலைகளோ தெரியும் ஃபிரேம் ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். வானம் நீலமாக இல்லையென்றால் கேட்கும் விலையில் பாதிக்கும் குறைவாகப் பேசலாம். கருப்பு வெள்ளைப் பிரின்ட்டுக்கு இந்தக் கவலையே இல்லை என்பதால்தான், பழைய அரக்கர் படங்கள் தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு மிகவும் ஏற்றவை என்கிறேன்.

பிறகுதான் விரல். சக்கரங்களைக் கையால் சுற்ற இரண்டு கைச்சுழற்றிகளும், ஃபிலிமை வெட்டி ஒட்ட ஒரு ஸ்ப்லைசரும் புரொஜக்டருக்கு முன்பே வாங்க வேண்டியவை. சுருளை ஒரு பக்கம் மாட்டி, வெற்றுச் சக்கரத்தை மறுபக்கம் மாட்டி, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஃபிலிமின் இரு ஓரங்களையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்து ஓடவிடுங்கள். இதற்குக் கையுறை வேண்டாம்; பஞ்சு நூல் கிழிசலில் மாட்டிக்கொள்ளும், விரல் நுனியின் உணர்வும் போய்விடும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, படத்தின் பரப்பைத் தொடாமல் ஓரங்களை மட்டும் பிடித்தால் போதும். முதல் முறை எதுவும் பிடிபடாது. பழகப் பழக, ஒரு துளையின் ஓரத்தில் நூலளவு கிழிந்திருந்தாலும் மீன் முள் போல விரலில் இடறும். நிறுத்தி, உருப்பெருக்கியில் பார்த்து, ஒட்டுநாடாவால் சரிசெய்யுங்கள். பழைய ஒட்டுகளை லேசாக வளைத்துப் பாருங்கள். காய்ந்த பசை அங்கேயே விட்டுவிடும். சிமென்ட் எனப்படும் திரவப் பசை அசிட்டேட்டில் மட்டுமே பிடிக்கும், பாலியெஸ்டருக்கு நாடாதான்.

சுருங்கிய ஃபிலிமைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. நல்ல நிலையில் உள்ள அதே அளவு ஃபிலிமின் மேல் இதை வைத்து, துளையோடு துளை பொருத்தி, 100 ஃபிரேம் வரை எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தில் முழுதாக ஒரு ஃபிரேம் தள்ளிப்போயிருந்தால் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது. புரொஜக்டரின் கொக்கி அதன் துளைகளைக் கிழிக்கும்.

கீறல்களை வகை பிரித்துப் பாருங்கள். ஃபிலிமின் பளபளப்பான பக்கத்தில் உள்ள கீறல் திரையில் கருங்கோடாகத் தெரியும். அதைச் சுத்திகரிப்புத் திரவங்கள் ஓரளவு மறைக்கும். மங்கலான பக்கத்தில், அதாவது படம் படிந்திருக்கும் பக்கத்தில், விழுந்த கீறல் வண்ணப் பிரின்ட்டில் பச்சைக் கோடாகத் தெரியும். அது போனது போனதுதான்.

புரொஜக்டர்

எல்மோ, யூமிக், பாயர், சாங்கியோ ஆகியவை அடிக்கடி சந்தையில் தென்படும் பெயர்கள். வாங்கும் முன் மின்சாரத்தைக் கவனியுங்கள். அமெரிக்க இயந்திரங்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டாரின் வேகம் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்த இயந்திரமானால், இந்தியாவின் 50 ஹெர்ட்ஸில் 24 ஃபிரேமுக்குப் பதில் 20 ஃபிரேம்தான் ஓடும். டிராகுலா ஜலதோஷம் பிடித்தவரைப் போலப் பேசுவார். ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்யப்பட்ட 220–240 வோல்ட் இயந்திரத்தை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

பல ஆண்டுகள் சும்மா கிடந்த இயந்திரத்தில் ரப்பர் பெல்ட் இளகித் தார் போலாகியிருக்கும், அல்லது இறுகி வெடித்திருக்கும். அதை மாற்றி, ஃபிலிம் செல்லும் பாதை முழுவதையும் மென்மையான தூரிகையால் துடைத்து, விளக்குக்கு முன்னே ஃபிலிம் கடந்துசெல்லும் ‘கேட்’ எனப்படும் கதவில் படிந்திருக்கும் கெட்டியான அழுக்கை மரக்குச்சியால் மட்டும் சுரண்டி எடுங்கள். உலோகம் படவே கூடாது. ஹாலஜன் விளக்கை வெறும் விரலால் தொடாதீர்கள். பிறகு யாருக்கும் வேண்டாத ஒரு சுருளை ஐந்தாறு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் புதுக் கீறல் விழுகிறதா என்று பார்த்த பிறகே நல்ல பிரின்ட்டை ஏற்றுங்கள். ஒவ்வொரு சுருளின் முன்னும் நான்கைந்து அடி வெள்ளை லீடரை, அதாவது படமில்லாத வெற்று ஃபிலிமை, ஒட்டிவைத்தால், இயந்திரம் முதலில் கடிப்பது லீடராக இருக்கும்.

நம் ஊர்க் காற்றில் பாதுகாத்தல்

ஃபிலிம் பாதுகாப்புக்கு 30 முதல் 50 சதவீத ஈரப்பதமும் குளிர்ச்சியும் வேண்டும் என்பார்கள். சென்னையிலோ கொழும்பிலோ வசிப்பவருக்கு இது கிட்டத்தட்ட கேலி. ஆனாலும் செய்யக்கூடியவை உண்டு. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, பரண், வெயில் படும் சுவரோரத்து இரும்பு பீரோ ஆகிய மூன்றையும் தவிருங்கள். வீட்டில் வெப்பம் குறைந்த உள்ளறையில், தரையிலிருந்து உயர்த்தி, சுருள்களைப் படுக்கை வாட்டில் வையுங்கள். காற்றுப் புகாத தகர டப்பா பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. அது அமில ஆவியை உள்ளேயே அடைத்து வைக்கும். காற்று சற்றுப் போய்வரும் பிளாஸ்டிக் பெட்டியே மேல். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அலமாரியில் வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். காந்த ஒலிப் பிரதிகளை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுருளைத் திறந்து வைப்பதைத் தவிர்த்து, தை பிறந்து காற்று உலர்ந்ததும் எல்லாச் சுருள்களையும் ஒருமுறை கைச்சுழற்றியில் சுற்றியெடுப்பது என் வழக்கம். காற்றாடியது போலவும் ஆயிற்று, மூக்குச் சோதனையும் முடிந்தது.

உரிமை பற்றி

சுருள் உங்களுடையது, படத்தின் காப்புரிமை உங்களுடையதல்ல. வீட்டில் நண்பர்களோடு பார்ப்பது வேறு, மண்டபம் பிடித்துச் சீட்டு விற்பது வேறு. கடையில் விற்ற சுருக்கப் பதிப்புகளை வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. ஸ்டுடியோக்கள் வாடகைக்கு மட்டுமே விட்ட முழு நீளப் பிரின்ட்டுகளின் நிலை அப்படியில்லை: 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டவாலின் வீட்டுக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்து அவருடைய சேகரிப்பைக் கைப்பற்றிய கதை, பழைய சேகரிப்பாளர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திச் சொல்வது.

கடைசியாக, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டையை வைத்து, வாங்கிய நாள், நீளம், ஒட்டுகளின் எண்ணிக்கை, நெடி உண்டா இல்லையா, எத்தனை முறை ஓட்டினேன் என்பதைப் பென்சிலில் எழுதி வையுங்கள். என்னிடம் உள்ள ‘கிரியேச்சர்’ பெட்டியின் அட்டையில் இன்னொரு வரியும் உண்டு: “உள்ளே இருப்பது வெனிஸ் நகரச் சுற்றுலா, 150 அடி.” அந்தப் பெட்டிக்குரிய சுருளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.